சங்கிலியைக் கடந்த மாணவர்கள்

கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை முதல் விடுமுறைக்கு வீடு திரும்பும்போது வீட்டில் உள்ளவர்கள் பல கேள்விகள் கேட்பார்கள். பாடங்கள் எப்படி என்று தந்தை கேட்பார். விடுதிச் சாப்பாடு எப்படி என்று தாய் தவறாமல் கேட்பாள். "நீ யார் அருகில் அமர்ந்து சாப்பிடுகிறாய்?" என்று கேட்பவர் மிகச் சிலர். அப்படிக் கேட்கிறவர்களும் பெரும்பாலும் "நம்மவர்கள் யாரேனும் இருக்கிறார்களா?" என்னும் கவலையினாலேயே கேட்கிறார்கள். ஆனால் யார் அருகில் அமர்கிறோம் என்னும் கேள்வி கல்வியின் உள்ளத்தையே தொடுகிற கேள்வி. அதனைப் பற்றிச் சில கருத்துகளை இன்று உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

பல்கலைக் கழகம் பலரும் வந்து கூடும் இடம். நகரத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளையும், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய சிற்றூர் மாணவியும் ஒரே வகுப்பில் அமர்கிறார்கள். வேறு வேறு மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள், வேறு வேறு சமயத்தைச் சார்ந்தவர்கள், வேறு வேறு பழக்கங்களில் வளர்ந்தவர்கள் ஒரே வாயிலின் வழியாக உள்ளே வருகிறார்கள். வாயிலைக் கடந்து உள்ளே வருவது ஒன்று. வந்தபின் ஒருவரோடு ஒருவர் கலந்து பழகுவது மற்றொன்று. முதலாவது நிறைவேறிவிட்டால் இரண்டாவது தானாகவே நிறைவேறிவிடும் என்று நாம் எளிதில் எண்ணிவிடுகிறோம். அவ்வெண்ணம் சரிதானா என்பதை ஆராய, அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஓக்லகோமா என்னும் மாநிலத்துப் பல்கலைக் கழகத்தில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்வோம்.

அந்த மாநிலத்தில் அக்காலத்தில் ஒரு சட்டம் இருந்தது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே பள்ளியிலோ ஒரே கல்லூரியிலோ சேர்ந்து பயில்வது குற்றம் என்றது அச்சட்டம். அத்தகைய பள்ளியை நடத்துவதும் குற்றம். அங்கே கற்பிப்பதும் குற்றம். அங்கே சென்று கற்பதும் குற்றம். கறுப்பினத்தவருக்கென்று லாங்ஸ்டன் என்னும் ஊரில் தனிக் கல்லூரி ஒன்று இருந்தது. ஆனால் அங்கே சட்டப் படிப்பு இல்லை.

எய்டா லோயிஸ் சிப்யூல் என்னும் இளம் பெண் லாங்ஸ்டனில் பட்டம் பெற்றவர். வழக்கறிஞராக வேண்டும் என்பது அவர் விருப்பம். 1946-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஓக்லகோமாப் பல்கலைக் கழகத்தின் சட்டக் கல்லூரியில் சேர அவர் விண்ணப்பம் செய்தார். அவருடைய தகுதியில் எவரும் குறை காணவில்லை. தோலின் நிறம் ஒன்றே தடையாக நின்றது. வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரையில் சென்றது. அவருக்காக வாதாடியவர் தர்குட் மார்ஷல். பின்னாளில், 1967-இல், அதே உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியாக அமர்ந்தவர். மற்றவர்களுக்கு எவ்வளவு விரைவில் சட்டக் கல்வி தரப்படுகிறதோ, அவ்வளவு விரைவில் இந்தப் பெண்ணுக்கும் தரப்படவேண்டும் என்று 1948-ஆம் ஆண்டு சனவரி 12-ஆம் நாள் நீதிமன்றம் ஆணையிட்டது.

ஆணை வந்தவுடன் மாநில அரசு என்ன செய்தது? பல்கலைக் கழகத்தின் கதவைத் திறக்கவில்லை. மாநிலத் தலைநகரில், சட்டமன்றக் கட்டடத்தில், சில அறைகளை ஒதுக்கி, சில ஆசிரியர்களை அமர்த்தி, புதியதொரு சட்டக் கல்லூரியைச் சில நாட்களில் உண்டாக்கிவிட்டது! ஆசிரியர் இருந்தார்கள், அறைகள் இருந்தன, உடன் அமர்ந்து கேட்கவும் எதிர்த்து வாதிடவும் தோழர்கள் மட்டும் இல்லை. சிப்யூல் அங்கே சேர மறுத்துவிட்டார். கல்வி என்பது ஆசிரியர் சொல்லவும் மாணவர் கேட்கவும் மட்டுமே ஆனதாக இருந்தால் அவர் மறுத்திருக்க வேண்டியதில்லை. அதற்கு மேலும் ஏதோ ஒன்று கல்வியில் உண்டு என்பதை அவர் அறிந்திருந்தார். அந்தத் தனிக் கல்லூரி நீண்ட நாள் நிலைக்கவில்லை. 1949-ஆம் ஆண்டு கோடையில் பல்கலைக் கழகமே அவரைச் சேர்த்துக்கொண்டது.

இதற்கிடையில் மற்றொருவர் உள்ளே வந்துவிட்டார். அவர் பெயர் ஜார்ஜ் மக்லாரின். இளைஞர் அல்லர், வயது முதிர்ந்த ஆசிரியர், ஏற்கனவே முதுகலைப் பட்டம் பெற்றவர். கல்வித் துறையில் ஆராய்ச்சிப் பட்டம் பெறவேண்டும் என்னும் ஆசையால் விண்ணப்பித்து, மறுக்கப்பட்டு, வழக்காடி, 1948-ஆம் ஆண்டு அக்டோபரில் மாணவராகச் சேர்ந்தார். வாயிலைக் கடந்துவிட்டார். உள்ளே அவருக்குக் கிடைத்த வரவேற்பு எத்தகையது என்பதைக் கேளுங்கள்.

சேர்க்கலாம், ஆனால் பிரித்தே வைக்கவேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே வகுப்பறைக்குள் அவருக்கு இடம் இல்லை. வகுப்பை ஒட்டிய சிறு அறையொன்றில் அவருக்கென்று ஒரு மேசை போடப்பட்டது. அங்கிருந்தபடியே அவர் பாடத்தைக் கேட்கவேண்டும். நூல்நிலையத்தில் எல்லாரும் அமரும் படிப்புக் கூடத்தில் அவர் அமரக்கூடாது. இடைமாடியில் தனி மேசை. உணவுச் சாலையிலும் தனி மேசை. அதுவும் மற்ற மாணவர்கள் உண்ணாத வேறு நேரத்தில். அந்த முதிய மாணவர் மீண்டும் வழக்குத் தொடுத்தார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே ஏற்பாடுகள் சற்றுத் தளர்ந்தன. வகுப்பறைக்குள் இடம் தந்தார்கள். சில காலம் அவ்விடத்தைச் சுற்றித் தடுப்பு ஒன்று அமைத்து, கறுப்பினத்தவருக்கு என்று எழுதிய பலகையும் வைத்தார்கள். பிறகு அவற்றையும் எடுத்துவிட்டுத் தனி வரிசை என்றார்கள். நூல்நிலையத்தில் கீழ்த்தளத்திலேயே மேசை கொடுத்தார்கள். எல்லாரும் உண்ணும் நேரத்திலேயே உண்ணலாம் என்றார்கள். ஆயினும் மேசை மட்டும் தனி மேசைதான்.

அரசின் சார்பில் வாதாடியவர்களின் கூற்றைப் பாருங்கள். அதே வகுப்பு, அதே ஆசிரியர், அதே நூல்கள், அதே உணவு. எந்த இருக்கையில் அமர்ந்தால் என்ன, கல்வியில் என்ன குறை வந்துவிட்டது என்பதே அவர்களுடைய கேள்வியின் சாரம். மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் 1950-ஆம் ஆண்டு சூன் 5-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக அதனைத் தள்ளிவிட்டார்கள். இப்படிப் பிரித்து வைப்பது அந்த மாணவர் படிப்பதற்கும், மற்ற மாணவர்களோடு விவாதிப்பதற்கும், கருத்துகளைக் கொடுத்து வாங்குவதற்கும், தம் தொழிலைக் கற்றுக்கொள்வதற்குமே தடையாகிறது என்று அவர்கள் தீர்ப்பளித்தார்கள். தனி மேசை கல்வியைக் குறைக்கிறது என்பதே அதன் பொருள்.

அதே நாளில் டெக்சாஸ் மாநிலத்துச் சட்டக் கல்லூரியைப் பற்றிய மற்றொரு வழக்கிலும் அந்நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. கறுப்பினத்தவருக்கென்று அமைத்த தனிச் சட்டக் கல்லூரி அம்மாநிலத்து மக்களில் 85 விழுக்காட்டினரை வெளியே நிறுத்திவிடுகிறது. நாளை அந்த மாணவர் வழக்கறிஞரானால் அவர் எதிர்கொள்ளப்போகிற வழக்கறிஞர்களும் சாட்சிகளும் நீதிபதிகளும் பெரும்பாலும் அந்த 85 விழுக்காட்டினரிலிருந்தே வருவார்கள். அவர்களை அறியாமல் சட்டம் பயில்வது எப்படி என்று நீதிபதிகள் கேட்டார்கள். 1954-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் பள்ளிகளில் இனவாரியாகப் பிரிப்பது சட்டத்துக்கு மாறானது என்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, இந்த இரண்டு வழக்குகளும் படிக்கற்களாக நின்றன.

மாணவ நண்பர்களே, இந்தக் கேள்வியை நம்மையே கேட்டுக்கொள்வோம். நாளை உங்களில் ஒருவர் மருத்துவராவீர்கள். உங்களிடம் வரும் நோயாளிகள் எல்லாரும் உங்கள் தெருவைச் சேர்ந்தவர்களா? ஒருவர் பொறியாளராவீர்கள், நீங்கள் கட்டும் பாலத்தைக் கடப்பவர்கள் எல்லாரும் உங்கள் மொழி பேசுகிறவர்களா? ஒருவர் ஆசிரியராவீர்கள், உங்கள் வகுப்பில் அமரும் குழந்தைகள் எல்லாரும் உங்கள் வீட்டில் உண்ணும் உணவை உண்பவர்களா? யாருக்காகத் தொழில் கற்கிறோமோ அவர்களை அறியாமலே அத்தொழிலைக் கற்பது அரைக் கல்வி. பலதரப்பட்ட மக்களை ஒருங்கே, நெருக்கமாக, சமமாகப் பார்க்கும் வாய்ப்பு வாழ்நாளில் பலருக்கு ஒரே ஒருமுறை கிட்டுகிறது. அது கல்லூரியில் கழிக்கும் சில ஆண்டுகளில் கிட்டுகிறது. அதன்பின் அவரவர் வீடு, அவரவர் வேலை, அவரவர் உறவு என்று வட்டம் சுருங்கிவிடுகிறது.

மக்லாரின் வழக்கின் தீர்ப்பில் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய பகுதி ஒன்று உண்டு. "இந்தத் தடைகளை நீக்கிவிட்டாலும் பயன் என்ன? உடன் பயிலும் மாணவர்களே இவரை ஒதுக்கி வைக்கக்கூடுமே!" என்று ஒருவர் வாதிடலாம் என நீதிபதிகள் தாமே ஓர் ஐயத்தை எழுப்பிக்கொண்டார்கள். பின்பு அதற்கு விடையும் கூறினார்கள். அரசு குறுக்கே நின்று மாணவர் கலந்து பழகாதபடி தடுப்பது வேறு. தனி மனிதர் தாமே கலந்து பழக மறுப்பது வேறு. முதலாவதை நீதிமன்றம் நீக்கும். தடையை நீக்கியதனால் மனத்திலுள்ள வெறுப்பு மறைந்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் தன் தகுதியால் தோழர்களின் மதிப்பைப் பெறும் வாய்ப்பையாவது அரசு அவரிடமிருந்து பறிக்கக் கூடாது. இதுவே அவர்கள் தந்த விடை.

எவ்வளவு நேர்மையான விடை! சட்டம் எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதை நீதிபதிகளே எல்லை கீறிக் காட்டிவிட்டார்கள். கதவைத் திறப்பது சட்டத்தின் வேலை. தனி மேசையை அகற்றுவதும் சட்டத்தின் வேலை. காலியாக இருக்கும் அடுத்த நாற்காலியில் வந்து அமர்வது மட்டும் எந்தச் சட்டத்தாலும் நடவாது. அது மாணவரின் வேலை.

அந்த வேலையைச் செய்த மாணவர்களும் அதே பல்கலைக் கழகத்தில் இருந்தார்கள் என்பதை இங்கே சொல்லவேண்டும். சிப்யூல் அம்மையார் சட்டக் கல்லூரியில் சேர்ந்தபோது, வகுப்பின் கடைசியில், காலியான ஒரு வரிசை நாற்காலிகளுக்கும் அப்பால், மரத் தடுப்புக்குப் பின்னால் அவருக்கு இடம் தந்தார்கள். உணவுச் சாலையில் அவர் உண்ணும் இடத்தைச் சங்கிலியால் வளைத்துக் காவலும் போட்டிருந்தார்கள். காவலர் இல்லாத வேளைகளில் வெள்ளை மாணவர்கள் சிலர் அந்தச் சங்கிலியின் அடியில் குனிந்து நுழைந்து வந்து அவரோடு அமர்ந்து உண்டதுண்டு என்று அவர் பின்னாளில் நினைவு கூர்ந்தார். தீர்ப்பு வருவதற்கு முன்பே அந்த மாணவர்கள் தமக்குத் தாமே தீர்ப்பு எழுதிக்கொண்டார்கள். அவர்கள் கூட்டம் கூட்டவில்லை; சொற்பொழிவு செய்யவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வந்து அருகில் அமர்ந்தார்கள், அவ்வளவுதான்.

அமெரிக்க நாட்டுச் செய்தி நமக்கு எதற்கு என்று எவரும் எண்ணவேண்டாம். உடன் அமர்ந்து உண்ணும் கேள்வி நம் நாட்டில் அதைவிட மிகப் பழமையானது. பந்தி என்றால் என்ன, பந்தி வஞ்சனை என்றால் என்ன என்பதை நமக்கு எவரும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

திருநெல்வேலிச் சீமையில் சேரன்மாதேவி என்னும் ஊரில் 1922-ஆம் ஆண்டில் வ.வே.சு. ஐயர் ஒரு குருகுலத்தைத் தொடங்கினார். நாட்டுப்பற்று மிக்க இளைஞர்களை உருவாக்கவேண்டும் என்பது அவருடைய தூய நோக்கம். பல வகுப்பினரும் பொருள் உதவினார்கள். ஆனால் அந்தணச் சிறுவர் இருவர் தனியே உண்ணவேண்டும் என்று அவர்களுடைய பெற்றோர் விரும்பினார்கள். ஐயரும் அதற்கு இசைந்தார். இச்செய்தி வெளியானதும் 1924, 1925-ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடெங்கும் பெரும் கிளர்ச்சி எழுந்தது. டாக்டர் வரதராசலு நாயுடுவும் பெரியார் ஈ.வெ. இராமசாமியும் அதனை வன்மையாகக் கண்டித்தார்கள். 1925-ஆம் ஆண்டு இறுதியில் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறுவதற்கு முன்னோடியாக அமைந்த பூசல்களில் இது முதன்மையான ஒன்று. உண்பவர் இருவர், உண்ணும் இடம் ஒரு மூலை. ஆயினும் அதனால் ஒரு நாட்டின் அரசியலே அசைந்தது. ஏன்? ஒன்றாகப் படி, ஆனால் ஒன்றாக உண்ணாதே என்று ஒரு கல்விக்கூடம் சொல்லும்போது, அது பகலெல்லாம் கற்பிக்கும் பாடத்தை உண்ணும் வேளையில் அழித்துவிடுகிறது. மாணவன் இரண்டில் எதை நம்புவான்? கண்ணால் கண்டதைத்தான் நம்புவான்.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் மராட்டிய நாட்டில் சாதாரா என்னும் ஊரில் வேறொரு விடுதி நடந்தது. பாவுராவ் பாட்டீல் என்பவர் 1919-ஆம் ஆண்டில் ஒரு கல்விச் சங்கத்தைத் தொடங்கி, 1924-இல் அதனைச் சாதாராவுக்குக் கொண்டுவந்தார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட குடும்பத்துச் சிறுவர்கள் உட்பட எல்லாச் சாதிச் சிறுவர்களும் அவருடைய விடுதியில் ஒன்றாக வாழ்ந்தார்கள்; ஒன்றாக உழைத்தார்கள்; ஒன்றாகச் சமைத்து உண்டார்கள். விடுதியில் அரிசிக்கும் பருப்புக்கும் வழியில்லாமற் போனபோது அவருடைய மனைவியார் இலட்சுமிபாய் தம் நகைகளை விற்று அச்சிறுவர்களுக்குச் சோறு போட்டார். 1927-ஆம் ஆண்டில் காந்தியடிகள் அங்கே வந்து அவ்விடுதிக்குச் சத்திரபதி சாகு மகாராசாவின் பெயரைச் சூட்டினார். சேரன்மாதேவியும் சாதாராவும் பல்கலைக் கழகங்கள் அல்ல. சிறுவர் தங்கிப் பயின்ற இடங்கள். ஆனால் ஒக்லகோமாவில் எழுந்த அதே கேள்வி அங்கும் எழுந்தது: உள்ளே வந்தவர்களை எங்கே அமரச் செய்வது?

இனி, ஒன்றாக அமர்ந்தால் மட்டும் மனம் ஒன்றிவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். அருகருகே வாழ்ந்தும் பல தலைமுறைகளாக ஒருவரை ஒருவர் வெறுத்து வருகிற மக்கள் உலகில் இல்லையா? ஹார்வர்டுப் பல்கலைக் கழகத்து உளவியல் அறிஞர் கார்டன் ஆல்போர்ட் 1954-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதனை ஆராய்ந்தார். வெறும் சந்திப்பு போதாது என்றார் அவர். சந்திக்கிறவர்கள் அங்கே சமநிலையில் இருக்கவேண்டும். இருவருக்கும் பொதுவானதொரு நோக்கம் வேண்டும். அதனை அடைய இருவரும் கூடி உழைக்கவேண்டும். அவ்வுறவை அந்நிறுவனத்தின் தலைமை மனமார ஆதரிக்கவேண்டும். இந்நான்கும் அமைந்தால் வெறுப்புக் குறையும் என்பது அவர் கண்ட முடிவு. எசமானன் வீட்டில் வேலைக்காரன் நாள்தோறும் நடமாடுகிறான். அதனால் சமத்துவம் வந்துவிடவில்லை. ஆனால் ஒரே சோதனைக் கூடத்தில் ஒரே கருவியைப் பகிர்ந்துகொண்டு, ஒரே கணக்கில் இருவரும் தவறு செய்து, இருவரும் சேர்ந்து திருத்திய மாணவர்கள் மறுநாள் அந்நியராக இருப்பதில்லை.

அண்மைக் காலத்து ஆய்வுகளும் இதற்குச் சான்று கூறுகின்றன. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி 1994-இல் முடிந்தது. அங்கே கேப் டவுன் பல்கலைக் கழகத்து விடுதிகளில் யாருக்கு யார் அறைத் தோழர் என்பது தற்செயலாக அமைந்தபோது நிகழ்ந்ததைப் பொருளாதார அறிஞர் மூவர் ஆராய்ந்து 2022-இல் வெளியிட்டார்கள். வேற்று இனத்தவரோடு ஒரே அறையில் வாழ்ந்த வெள்ளை மாணவர்களிடம் கறுப்பினத்தவரைப் பற்றிய தாழ்வான எண்ணம் குறைந்தது. இனம் கடந்த நட்பு வளர்ந்தது. அவ்வாறு வாழ்ந்த கறுப்பின மாணவர்கள் தேர்வுகளிலும் மேம்பட்டார்கள்.

நம் டில்லி மாநகரத்தில் 2007-ஆம் ஆண்டு முதல் பல தனியார் பள்ளிகள் ஏழைக் குழந்தைகளுக்கு இடம் ஒதுக்கவேண்டியதாயிற்று. அதன் விளைவைக் கௌதம் ராவ் என்னும் அறிஞர் ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார். ஏழைத் தோழர்களோடு பயின்ற செல்வக் குழந்தைகள் கொடைக் குணத்தில் உயர்ந்தார்கள். விளையாட்டுக்குத் துணை தேடும்போது ஏழைக் குழந்தையை ஒதுக்குவது குறைந்தது. கணக்கிலும் இந்தியிலும் அவர்கள் பின்தங்கவில்லை. ஆங்கில மதிப்பெண்ணில் மட்டும் சிறிது குறைவு காணப்பட்டது. இதையும் மறையாது சொல்வதே நேர்மை. வகுப்பறையில் ஏழைக் குழந்தை எங்கேயோ ஒரு பெஞ்சியில் இருப்பதைவிட, ஒரே சிறு குழுவில் கூடிப் படித்ததே பெரும் பயன் தந்தது என்பது அந்த ஆய்வில் நாம் சிறப்பாகக் கருதவேண்டிய செய்தி.

இவற்றிலிருந்து கல்லூரிகளை நடத்துகிறவர்கள் கற்கவேண்டியது ஒன்று உண்டு. அறை ஒதுக்குவதும், சோதனைக் கூடத்தில் துணை அமைப்பதும், குழுப் பிரிப்பதும் அலுவலகக் குமாஸ்தாவின் சில்லறை வேலைகள் போலத் தோன்றும். உண்மையில் அவை பாடத்திட்டம் வகுப்பதற்கு நிகரான கல்விப் பணிகள். "அவரவர் விருப்பம்போல் அறை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிட்டால், ஊரில் உள்ள தெருக்கள் விடுதிக்குள்ளும் வந்துவிடும்.

மாணவர்கள் கற்கவேண்டியது வேறு. இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். சிறுபான்மையாக உள்ள மாணவர் சிலர் உணவுக் கூடத்தில் தமக்குள்ளே சேர்ந்து அமர்ந்திருப்பதைக் கண்டு, "இவர்கள்தாம் யாரோடும் சேருவதில்லை" என்று குறை கூறுகிறோம். அது முறையன்று. நாள் முழுவதும் தம் பேச்சை எவரேனும் நகைப்பாரோ, தம் உடையை எவரேனும் நோக்குவாரோ என்று கூசியிருந்தவர்கள், சிறிது நேரம் கூச்சமின்றிப் பேசி இளைப்பாறும் இடம் அது. முதலில் எழுந்து செல்லவேண்டியவர்கள் எண்ணிக்கையில் மிகுந்தவர்கள், தயக்கம் இல்லாதவர்கள், அந்த இடம் தமக்கே உரியது என்று உணர்கிறவர்கள். பெரும்பான்மையோர் பத்தடி நடந்தால் போதும். தனித்து நிற்பவருக்கு அதே பத்தடி ஒரு காததூரம்.

கலந்து பழகுவது என்றால் எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தவர்களாக மாறுவதும் அன்று. தோழன் தன் மொழியை மறக்கவேண்டியதில்லை. தோழி தன் வழிபாட்டை விடவேண்டியதில்லை. அவர்கள் அவர்களாகவே இருக்க, நாம் நாமாகவே இருக்க, நடுவில் உள்ள தடுப்பு மட்டும் அகன்றால் போதுமானது.

இதற்குப் பெரிய முயற்சிகள் தேவையில்லை. உங்கள் வகுப்பில் தமிழ் வழியில் பயின்று வந்து ஆங்கிலச் சொற்பொழிவைப் பின்பற்றத் திணறுகிற மாணவர் இருந்தால், உங்கள் குறிப்பேட்டை அவரிடம் கொடுங்கள். கொடுத்துவிட்டுப் போய்விடாமல் அருகில் அமர்ந்து சேர்ந்து படியுங்கள். உங்களுக்குத் தெரியாத எத்தனையோ செய்திகள் அவருக்குத் தெரிந்திருப்பதை அப்போது காண்பீர்கள். வேற்று மாநிலத்திலிருந்து வந்தவருடைய பெயரை, அவர் வீட்டில் எப்படி அழைப்பார்களோ அப்படி அழைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பட்டப் பெயர் சூட்டிச் சிரிக்கும் கூட்டத்தில் நீங்கள் சிரிக்காமல் இருங்கள். ஒருவர் சிரிக்காவிட்டால் அந்தச் சிரிப்பு விரைவில் ஓய்ந்துவிடும். எவரையும் சாதி அறியும் பொருட்டுச் சுற்றிவளைத்துக் கேள்வி கேளாதீர்கள். விடுமுறையில் ஒருமுறை தோழர் வீட்டுக்குச் சென்று அவர்கள் வீட்டுச் சோற்றை உண்டு வாருங்கள்; அவரையும் உங்கள் வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே முதியோர் முகம் கோணினால், அதனைப் பொறுமையாக எடுத்துச் சொல்லித் திருத்தும் கடமையும் உங்களுடையதே.

சிப்யூல் அம்மையாரின் கதை எப்படி முடிந்தது என்பதைச் சொல்லி என் உரையை நிறைவு செய்கிறேன். திருமணத்துக்குப் பின் எய்டா சிப்யூல் ஃபிஷர் என்று அழைக்கப்பட்ட அவர் சட்டப் படிப்பை முடித்தார், வழக்கறிஞராக இருந்தார், பின்பு லாங்ஸ்டன் கல்லூரியில் பல ஆண்டுகள் ஆசிரியராகப் பணிபுரிந்தார். 1992-ஆம் ஆண்டில், ஒருகாலத்தில் தம்மைச் சேர்க்க மறுத்த அந்த ஓக்லகோமாப் பல்கலைக் கழகத்தின் ஆட்சிக் குழுவிலேயே உறுப்பினராக அமர்த்தப்பட்டார். மரத் தடுப்புக்குப் பின்னால் அமர்ந்த மாணவி, அப்பல்கலைக் கழகத்தை ஆளும் மேசையைச் சுற்றி அமர்ந்தவர்களுள் ஒருவரானார். 1995-இல் அவர் மறைந்தார்.

அந்த மாற்றத்தை வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் கொண்டுவந்தார்கள் என்று வரலாறு எழுதும். அது உண்மை. ஆனால் சங்கிலியின் அடியில் குனிந்து நுழைந்து வந்து அவர் அருகில் அமர்ந்து உண்ட மாணவர்களின் பெயர்களை வரலாறு எழுதி வைக்கவில்லை. அவர் மட்டும் அவர்களை மறக்கவில்லை. இன்று உங்கள் கல்லூரி உணவுக் கூடத்தில் அத்தகைய சங்கிலி எதுவும் கண்ணுக்குத் தெரியாது. இருப்பினும் நாளை உணவு வேளையில் தட்டைக் கையில் எடுத்தவுடன், வழக்கமான இடத்துக்குப் போகுமுன் ஒரு கணம் நின்று சுற்றிலும் பாருங்கள். தனியே அமர்ந்திருப்பவர் ஒருவர் உங்கள் கண்ணில் படுவார். அவர் எதிரில் ஓர் இடம் காலியாகவே இருக்கும்.